லயத்தில் பிறந்த லயம்

கண்டி நகரில் நான்கு இளைஞர் கூடி, நான்கு குரல்களில், தமிழில் ஸ்விங் இசை பாடப் போவதாக அறிவித்தால் இரு திசைகளிலிருந்து மறுப்பு எழும். 'தமிழனுக்கு எதற்கு இந்த மேனாட்டுக் கூத்து?' என்பர் ஒரு சாரார். 'ஸ்விங் பாடுவதாயின் ஆங்கிலத்திலேயே பாடவேண்டும். தமிழ் அதற்கு வளையாது' என்பர் மறுசாரார். முன்னவர் பண்பாட்டுக் காவலர். பின்னவர் நாகரிகக் காவலர். ஒருவரையொருவர் ஏளனஞ் செய்யும் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் முற்றாக உடன்படுகின்றனர்: ஸ்விங் தமிழருக்கு உரியதன்று. இவ்வுடன்பாடு வரலாற்று அறியாமையின்மேற் கட்டப்பட்டதாகும். கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் சேர்ந்த தமிழ்ப் பாடகருக்கு அவ்விசைமீது வேறெவருக்கும் குறையாத உரிமை உண்டு. அவ்வுரிமை சில கடமைகளோடு கூடியது என்பதும் உடன் சொல்லப்பட வேண்டியதே.

ஸ்விங் என்றதும் நட்சத்திர ஹோட்டலின் நடனத் தளமும் கழுத்துப்பட்டி அணிந்த கனவான்களுமே பலரின் நினைவுக்கு வருகின்றனர். அது அவ்விசை இடையிற் குடியேறிய வீடு; பிறந்த வீடன்று. 1930 களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அமெரிக்காவின் வெகுசன இசையாக விளங்கிய ஸ்விங், ஜாஸ் இசையின் ஒரு பருவமாகும். டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி, பெனி குட்மன் ஆகியோரின் பெரிய வாத்தியக் குழுக்கள் அதனைப் பரப்பின. ஆனால் அதன் வேர் பருத்திக் காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், வேலையின் சுமையைப் பகிர்வதற்காக ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடினர். அவ்வேலைப் பாட்டே பக்திப் பாடலாகவும் புளூஸாகவும் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஜாஸாகவும் உருமாறியது. ஸ்விங் வாத்தியக் குழுவில் எக்காளங்களும் சாக்ஸபோன்களும் மாறிமாறிக் கேள்வியும் பதிலும் போலப் பேசிக்கொள்வது, அன்று வயலில் எழுந்த அழைப்பினதும் மறுமொழியினதும் தொடர்ச்சியே. சுருங்கக் கூறின், பெருந்தோட்டம் ஈன்ற இசை அது.

கண்டிச் சீமையும் பெருந்தோட்டம் ஈன்ற சமூகம் ஒன்றினைக் கொண்டது. 1820 களில் தொடங்கிய கோப்பிச் செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியே கால்நடையாக நடத்திவரப்பட்ட மக்கள், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தின் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர், அத்தேயிலைக்கே வாழ்வை ஈந்தனர். அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றென்று கூறுவது பிழையாகும். ஆயினும் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, பிறருக்காக ஒரே பயிரை வளர்த்து, வரிசை வீடுகளில் அடைக்கப்பட்ட வாழ்க்கை இரண்டிற்கும் பொதுவானது. அவ்வரிசை வீட்டை மலையகத் தமிழ் 'லயம்' என வழங்குகிறது. இசை நூலார் தாளத்தின் ஒழுங்கினை லயம் என்பர். இரண்டும் வெவ்வேறு சொற்களே. எனினும் முன்னைய லயத்தின் வாசலிலேதான் பின்னைய லயம் உயிர்பிழைத்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்த தப்பு, மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு முழங்கியது. திருமணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி என மொழி பேசியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவர் அடியெடுக்க மற்றவர் தொடர்ந்து பாடினர். மிசிசிப்பிக் கரையில் நிகழ்ந்ததும் மகாவலிக் கரையில் நிகழ்ந்ததும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவையாகும். எனவே, பெருந்தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் பெருந்தோட்டத்தில் வேர்கொண்ட இசையைப் பாடுவதனை இரவல் என்பது பொருந்தாது. தூரத்து உறவை இனங்காணுதல் என்பதே பொருந்தும்.

ஸ்விங் கண்டிக்குப் புதியதுமன்று. 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் புது டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவிற்கு மாற்றப்பட்டது. அக்காலத்து அமெரிக்க, ஆங்கிலச் சிப்பாய்களின் பொழுதுபோக்கு இசை ஸ்விங்கே. 1952 இல் பேராதனையிற் பல்கலைக்கழகம் குடியேறுவதற்கு முன்னரே அவ்விசை அயலில் வந்திறங்கிவிட்டது. ஆனால் அது வந்தது ஆள்வோரின் இசையாக. அதே வேளையில், ஹந்தானைச் சரிவில் தப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. ஒன்றின் பிறப்பு மற்றதன் பிறப்போடு ஒத்தது என்பதை எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. அந்த அறிமுகத்தை இன்றாவது செய்துவைத்தல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

இனிப் பண்பாட்டுக் காவலரின் வாதத்தை நோக்கலாம். அந்நிய இசை தமிழிசையைக் கெடுத்துவிடும் என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சத்தை வெளியிடும் சபைகளில் முதலிற் கேட்பது வயலினின் ஒலி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். முத்துசுவாமி தீட்சிதரோ மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்து 'நோட்டு சுரங்கள்' என வழங்கும் உருப்படிகளைத் தந்தார். அவற்றால் அம்மரபு அழிந்துபோகவில்லை. 1958 இல் டேவ் புருபெக் தம் ஜாஸ் குழுவினருடன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது, சென்னையில் அவரோடு சேர்ந்து மிருதங்கம் வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. லயத்தில் தமக்கு நிகரில்லாத அவ்வித்துவானுக்கு வராத அச்சம், இசைப் பரீட்சையில் முதற்றரம் கடந்தவருக்கு வருவானேன்?

குழுவாகப் பாடுதல் தமிழ் மரபன்று எனக் கூறுவோரும் உளர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் பெயர் பூண்டு வட்டமாக நின்று ஆடிப் பாடினர். நரம்புகளுக்குள் இணை, கிளை, பகை, நட்பு என உறவு வகுத்ததும் தமிழிசை மரபே. இவையெல்லாம் மேனாட்டு ஒத்திசை என வாதிப்பது மிகையாகும். 'எங்களிடம் எல்லாம் இருந்தது' என்னும் நோய்க்கு இங்கு இடந்தரலாகாது. ஆனால் சுரங்கள் தமக்குள் உறவுடையன என்பதையும், பலர் கூடி ஓரிசை ஆகலாம் என்பதையும் அறிந்த சமூகத்திற்கு ஒத்திசை கற்க முடியாத வித்தையன்று.

நாகரிகக் காவலரின் வாதம் இதனினும் வலுவற்றது. தமிழ் ஸ்விங்குக்கு வளையாதாம்! ஸ்விங்கின் நடை எத்தகையது? ஒரு தட்டினை இரு கூறாக்கும்போது அவற்றைச் சமமாக்காமல், முதற்கூறு நீண்டும் இரண்டாங்கூறு குறுகியும் ஒலிக்கச் செய்வதே அதன் அடிப்படை. வேகத்துக்கேற்ப அளவு மாறுமாயினும், நடுத்தர வேகத்தில் அது ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதமாகும். 'தகிட' என மூன்றாகப் பகுத்து முதலிரண்டையும் இணைத்தால் அந்நடை பிறந்துவிடும். இனித் தமிழிலக்கணத்தை நோக்குக. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் அளந்து வைத்திருக்கிறார். பாடு, ஆடு, ஓடு, தேடு என்னும் நாட்சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பின், நீண்டும் குறுகியும் அவை தாமாகவே ஊசலாடக் காணலாம். தட்டு விழுந்தபின் பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பு இசை மாணவர் அனைவரும் அறிந்தது. சொற்பொருளின்றி அசைகளாலேயே இசைக்கும் வித்தையை லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் எல்லா ஃபிற்ஸ்ஜெரால்டும் ஜாஸ் இசையில் வளர்த்தனர். அதனைக் கேட்டு வியப்பவர்கள், கொன்னக்கோலையும் அருணகிரிநாதரின் சந்தங்களையும் ஏனோ வேறொரு பெட்டியிற் பூட்டி வைத்துள்ளனர்.

தமிழில் ஸ்விங் பாடிச் சிலர் நகைப்புக்கு இடமாவது உண்மைதான். அது மொழியின் குற்றமன்று. ஆங்கில அழுத்தத்துக்கென அமைந்த மெட்டிலே தமிழ்ச் சொற்களை அடைத்தால் குறில் நீளும், நெடில் குறுகும். 'பாடு' என்பது 'படு' ஆகும். 'விடு' என்பது 'வீடு' ஆகும். பாடகரைப் பாடச் சொன்ன வரி அவரைப் படுக்கச் சொல்லும். செருப்புக்காகக் காலை வெட்டும் இத்தொழிலைக் கைவிட்டு, சொல்லின் மாத்திரையிலிருந்து மெட்டினைப் பிறப்பித்தால் இவ்விடர் தோன்றாது.

பிறமொழியாளர் இதனை எப்போதோ செய்து காட்டிவிட்டனர். 1937 இல் அன்ட்ரூஸ் சகோதரிகள் மூவரையும் அமெரிக்கா முழுவதும் அறியச் செய்த பாட்டு, 1932 இல் யூத மொழியான இத்திஷில், நியூயோர்க் நாடக மேடைக்கென ஷோலம் செக்குண்டா அமைத்த பாட்டேயாகும். அதன் உரிமையை அவர் வெறும் 30 டொலருக்கு விற்றிருந்தார். குடியேறிய ஏழை மக்களின் நாடகப் பாட்டு ஸ்விங்காக மாறி நாட்டையே ஆட்டியது. ஜேர்மனியிலோ, வேலையற்றிருந்த ஹரி ஃப்றொம்மர்மன் என்னும் இளைஞர் 1927 டிசம்பரில் பேர்லின் நாளிதழில் பாடகர் தேவையென ஒரு சிறு விளம்பரம் இட்டார். அமெரிக்கக் குழுவொன்றின் இசைத்தட்டுக்களே அவருக்கு முன்மாதிரி. அவ்விளம்பரத்திலிருந்து உருவானதே 'கொமேடியன் ஹார்மொனிஸ்ற்ஸ்' என்னும் குழு. அவர்கள் கற்றது அமெரிக்க முறை. பாடியதோ பெரும்பாலும் ஜேர்மன் மொழியில். உறுப்பினருள் மூவர் யூதர் என்பதற்காக நாசி அரசு 1935 இல் அக்குழுவைக் கலைத்தது. ஓர் இசைக்குழுவைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பதே, பல குரல்கள் வேறுபட்டும் இணைந்தும் ஒலிப்பதில் எத்தகைய கருத்து உறைந்துள்ளது என்பதைக் காட்டும்.

இக்கருத்துத்தான் இன்று மறக்கப்படுகிறது. தொலைக்காட்சிப் போட்டிகள் பாடுவோரை ஒருவரையொருவர் வீழ்த்தும் பந்தயக் குதிரைகளாக்கிவிட்டன. கரோக்கிப் பின்னணியோ, கூடப் பாடவும் வாசிக்கவும் இன்னொரு மனிதர் தேவை என்னும் நிலையையே ஒழித்துவிட்டது. திரையிசைப் பாடகர் ஒருவரின் மூச்சு வாங்கும் இடத்தைக்கூட அப்படியே நகலெடுப்பவர் 'திறமைசாலி' எனப் போற்றப்படுகிறார். ஸ்விங் குரற்குழு இதற்கு நேரெதிரான ஒழுக்கத்தைக் கோருகிறது. ஒருவர் மெட்டினைப் பாட, ஏனையோர் அதே சொல்லை அதே கணத்தில் வெவ்வேறு சுரங்களிற் பாடவேண்டும். எவர் குரலும் பிறர் குரலை மேவலாகாது. தன்னைக் கேட்பதிலும் பார்க்க அயலவரைக் கேட்பதே முதற்பாடம். ஒஹாயோ மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரில், முடிதிருத்தும் நிலையம் நடத்திய ஒருவரின் பிள்ளைகளான மில்ஸ் சகோதரர் நால்வர், ஒரேயொரு கிற்றாரை வைத்துக்கொண்டு எக்காளம் முதலிய கருவிகளின் ஒலியைத் தம் குரல்களாலேயே எழுப்பினர். வறுமை அவர்களுக்குத் தடையாகவில்லை. வாத்தியம் இல்லாமையே அவர்களின் பாணியாயிற்று.

கண்டியிற் பாட விழைவோர் மூன்று வழிகளால் வருகின்றனர். தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர் நான்கு குரற்பகுதிகளையும் அறிவார், தாளக்கட்டில் தளர்வார். சங்கீதம் பயின்றவர் சுருதியும் தாளமும் பிசகார். ஆனால் தனிக்குரலாகவே பாடிப் பழகியவராதலால், அருகில் வேறு சுரம் ஒலித்தால் அதன்பின் இழுபட்டுப் போவார். கமகம் வேறு குறுக்கே நிற்கும்: நால்வரும் நான்கு விதமாக அசைத்தால் ஒத்திசை கலங்கிவிடும். மெட்டினைப் பாடுபவர் மட்டும் அசைக்க ஏனையோர் நிலைத்து நிற்பதென்பது போன்ற தீர்வுகளைப் பயிற்சியிலேதான் காணவேண்டும். மூன்றாமவர் தோட்டத்திலிருந்து வருபவர். கூத்துக் களரியில் எடுத்துக்கொடுக்கவும் வாங்கவும் பழகியவர். தப்பின் அடி உடலில் ஊறியவர். ஸ்விங்குக்கு இன்றியமையாத மெய்யசைவு அவரிடமே உண்டு. ஆனால் அவரை எவரும் அழைப்பதில்லை. முதலிருவரும் மட்டும் சேர்ந்தமைக்கும் குழு துல்லியமாகப் பாடலாம், ஆனால் அசையாது. இம்மூவரும் சமமாக நிற்கும் குழுவே கண்டிக்குரிய ஸ்விங் குழுவாகும்.

இத்தகைய முயற்சிக்கு இந்நாட்டில் முன்னோடிகள் இல்லாமலில்லை. 1960 களில் நோயல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்', நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலரோஸ்' போன்ற குழுக்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோவைத் தழுவி, கூட்டுக் குரல்களாற் சிங்களத்திற் பாடின. 1966 இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு புறப்பட்டனர். தமிழிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் இசையை 1970 களில் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசென்றனர். ஈழத்துப் பேச்சுத் தமிழும் பைலாவின் துள்ளலும் இணைந்த அப்பாடல்கள், சினிமாவின் துணையின்றித் தமிழர் தம் பாட்டைத் தாமே படைக்கலாம் என்பதை நிறுவின. ஆயினும் சிங்கள இசை குழுவாகப் பாடக் கற்றுக்கொண்டபோது தமிழ்ப் பொப் பெரும்பாலும் தனிக்குரலாகவே நின்றுவிட்டது. அந்த அரைகுறைப் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அதனை நிறைவேற்றப் பேராதனையிலும் பொருத்தமான இடம் வேறில்லை. 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது ஆடிப் பாடியோர் தொழின்முறைக் கலைஞரல்லர், மாணவர். பட்டிக்காட்டுக் கூத்துக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்டவர் அன்றும் இருந்திருப்பர். அக்கேள்வி மறைந்தது, கூத்து நிலைத்தது.

எஞ்சியிருப்பது மிகக் கனதியான மறுப்பு. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 இன் உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலைக்கணக்கிற் பங்கிடப்பட்ட ஒரு சமூகத்திற்கு, கூலிக்கும் காணிக்கும் இன்றும் போராடும் மக்களுக்கு, ஸ்விங் ஒரு கேடா என்பதே அது. நேர்மையான இக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். பாட்டு சம்பளத்தை உயர்த்தாது. காணி உறுதி எழுதித் தராது. ஆனால் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரைத் திரட்டியபோது, மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் பாட்டெழுதிப் பாடினர். கூட்டமாகப் பாடத் தெரிந்த மக்களே கூட்டமாகக் கேட்கவும் பழகுவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கப்பலேறிச் சென்றோருடன் எத்தனையோ பாட்டும் கப்பலேறின. எஞ்சியவற்றை அருங்காட்சியகப் பொருளாக்குவதிலும் பார்க்க, இளையோரின் வாயில் வாழவிடுவதே அவற்றுக்குச் செய்யும் நியாயம். 2023 இல் மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தனர். நடந்த கால்களுக்கு உகந்த பாட்டு இனியும் பிறக்கவேண்டும்.

இங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டியது ஒன்றுண்டு. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர் பலர் தப்பு என்ற சொல்லையே உச்சரிக்கக் கூசுகின்றனர். லயத்தில் வாழ்ந்தமை ஒரு வெட்கம். ஒடுக்கப்பட்ட சாதியின் கருவியெனத் தப்பினை ஒதுக்கிய சமூகத்தின் பார்வை மற்றொரு வெட்கம். அவ்வெட்கம் அவர்தம் குற்றமன்று. அதனை ஊட்டியோரின் குற்றம். இதே வெட்கத்தை வேறொரு பல்கலைக்கழகமும் அறிந்திருந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென 1866 இல் நிறுவப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகம் பொருளின்றித் தத்தளித்தபோது, 1871 இல் அதன் மாணவர் ஒன்பது பேர் பாடிப் பணந்திரட்டப் புறப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் அவர்கள் பாட விரும்பியது ஐரோப்பியப் பாடல்களை. பெற்றோரின் அடிமைக்காலப் பாடல்களைப் பிறர்முன் பாட அவர்கள் நாணினர். அவை துயரத்திற்கும் இறைவனுக்கும் மட்டும் உரியவை எனக் கருதினர். ஈற்றில் அப்பாடல்களையே பாடினர். அவை அட்லாண்டிக் கடலைக் கடந்தன. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியும் கேட்டார். திரட்டிய பணத்தில் ஃபிஸ்கில் ஜூபிலி மண்டபம் எழுந்தது. அவர்கள் திறந்த வழியிலேயே, இரு தலைமுறைகளின் பின்னர், ஸ்விங் குரற்குழுக்கள் நடந்தன.

ஆகவே கண்டியின் தமிழ் ஸ்விங் குழு எங்கே தொடங்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. பழைய இசைத்தட்டின் நகலிலிருந்தன்று. வெட்கத்தால் விழுங்கப்பட்ட பாட்டிலிருந்து. தேவாலயத்துக் குரலும் சங்கீத வகுப்புக் குரலும் லயத்துக் குரலும் ஓர் ஒலிவாங்கியைச் சுற்றிச் சமமாக நிற்கட்டும். அவற்றின் கீழே டிரம்ஸுக்குப் பதில் தப்பு அடி போடட்டும். அரங்கிலே அத்தப்பு முதல் முறை ஒலிக்கும்போது முகஞ் சுளிப்போர் யார் என்பதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஸ்விங் தமிழருக்கு உரியதா என்னும் விவாதம் உண்மையில் எதைப் பற்றியது என்பது அப்போது விளங்கிவிடும்.